மெட்ராஸ் சாப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

வேலூர், குடியாத்தம், திருவண்ணாமலை, தருமபுரி பக்கம் எந்த ஊருக்குப் போய் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டாலும், "எந்த மிலிட்டரிக்காரர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில், இருந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்த மடல். என் அப்பாவும் அதில் இருந்தவர். 1966-இல் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை சென்டரில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து, 28 வருட சர்வீஸ் முடித்து, சுபேதாராக ஊர் திரும்பினார். போன வருடம் காலமானார்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நம் அப்பாக்கள் கட்டியதைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சுட்டதைப் பற்றிக் கேட்க ஊரே இருக்கிறது. கட்டியதைக் கேட்க நம்மை விட்டால் ஆள் இல்லை.

அப்பா இறந்த அன்று தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பாசத்தோடு வைத்ததுதான், குறை சொல்லவில்லை. ஒரு பக்கம் போர் விமானம், இன்னொரு பக்கம் டாங்கி, நடுவில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் முகத்தை யாரோ ஒரு கமாண்டோ உடம்பில் ஒட்டி, கையில் ஒரு ஏகே-47. அப்பா காலத்தில் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ரைஃபிள். அதையும் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பெருமையாகச் சொன்னதெல்லாம் மட்டம் பார்த்ததை, ஆணி அடித்ததை, மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து "இது தாங்காது" என்று சொன்னதை. ஒரு ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு, கயிற்றுச் சுருள் ஒன்று அந்த ஃபிளெக்ஸில் இருந்திருந்தால் அது அவர் படமாக இருந்திருக்கும்.

நம் பிள்ளைகளிலேயே பலருக்கு சாப்பர் என்றால் என்ன வேலை என்று தெரியாது. "அப்பா மிலிட்டரி" என்பதோடு சரி. படை முன்னேற வேண்டுமென்றால் வழி வேண்டும்: ஆறு இருந்தால் பாலம், கண்ணிவெடி இருந்தால் அதை எடுத்துப் பாதை, மலை இருந்தால் சாலை, முகாம் போட்டால் குடிதண்ணீர். பின்வாங்கும்போது அதே பாலத்தைத் தகர்த்துவிட்டு வருவதும் இவர்கள்தான். 1780 செப்டம்பரில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய படை இது. ராணுவத்தில் எல்லோரும் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், சீக்கியர்களும் ராஜஸ்தான்காரர்களும்கூட.

இந்தப் படையில் வீரம் என்பதே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ என்ற இடம். கண்ணிவெடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர்களின் காலடியில் ஒன்று கிளம்பியது. வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் தன் உடம்பை அதன்மேல் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனார். பிரிட்டிஷ் அரசின் ஜார்ஜ் கிராஸ் விருது, பழைய பதக்கத்துக்கு மாற்றாக இல்லாமல் நேரடியாகவே அறிவிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். அந்த நேரத்தில் அவர் எதிரியைச் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. மற்றவர்கள் நடப்பதற்கான வேலையில் இருந்தார். காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

1971 பாகிஸ்தான் போர்க் கதையும் அப்படித்தான். பசந்தர் சண்டை என்றதும் எல்லோருக்கும் அருண் கேத்தர்பால் நினைவுக்கு வருவார். வரவேண்டியதுதான். 21 வயதில் பரம்வீர் சக்ரா வாங்கிய பையன், அதுவும் இறந்த பிறகு. ஆனால் அவருடைய டாங்கிகள் பசந்தர் ஆற்றைத் தாண்டியது எப்படி? ஷகர்கர் பகுதியில் ஆற்றின் இரண்டு பக்கமும் கண்ணிவெடி வயல். டிசம்பர் 15 ராத்திரி அதில் இறங்கிப் பாதை எடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்களின் 9-வது என்ஜினியர் ரெஜிமென்ட். வேலை முழுதாக முடிவதற்குள் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்துவிட்டது. இனிக் காத்திருக்க முடியாது என்று, அரைகுறையாக எடுத்த பாதையிலேயே அருணின் ரெஜிமென்ட்டான பூனா ஹார்ஸின் டாங்கிகள் பாய்ந்து அக்கரைக்குப் போயின.

அந்த ராத்திரி அப்பாவும் அங்கே இருந்தார். அவர் சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகப் பிடித்து, மண்ணில் மெல்லக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணிவெடியின் தலையிலேயே பட்டுவிடும். தட்டுப்பட்டால் சுற்றிலும் விரலால் மண்ணை எடுக்க வேண்டும். பார்த்து முடித்த வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. "டாங்கிக்கு வெச்ச வெடி மனுஷன் எடைக்கு வெடிக்காதும்மா, அதான் தைரியம்" என்பார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "அதுக்குப் பக்கத்துல மனுஷனுக்குன்னே ஒண்ணு வெச்சிருப்பான்" என்று சிரிப்பார். போர் பற்றி அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

1987-இலிருந்து 1990 வரை அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தில் அப்பாவும் சில மாதங்கள் அங்கே இருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசிக்கொண்டு, சீருடையில் நின்ற மனிதர். நான் கேட்டபோதெல்லாம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். உங்கள் அப்பாவும் அப்படி எழுந்து போனால் விட்டுவிடுங்கள். எழுதி வைக்கச் சொல்கிறேனே தவிர, தோண்டி எடுக்கச் சொல்லவில்லை.

பாலத்துக்கு வருகிறேன். அப்பாவின் வாயைத் திறக்க வேண்டுமென்றால் பெய்லி பாலம் என்று சொன்னால் போதும். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பேனல் என்கிற இரும்புச் சட்டம் ஒவ்வொன்றும் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. கிரேன் வேண்டாம், ஆறு பேர் தூக்கிவிடலாம். பேனலையும் பேனலையும் பின் அடித்துக் கோர்த்து, இக்கரையிலேயே பாலத்தை முழுதாகக் கட்டி, உருளைகள்மேல் வைத்து ஆற்றுக்கு மேலே தள்ளுவார்கள். முன்னால் 'நோஸ்' என்று கனம் குறைந்த ஒரு பகுதி நீட்டிக்கொண்டு போகும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு நீள ஏணியைத் தள்ளுகிற மாதிரிதான். பின்பக்கம் கனம் இருக்கும் வரை முன்பக்கம் கவிழாது. நோஸ் அக்கரையைத் தொட்டதும் பாலத்தை முழுதாக இழுத்து, நோஸைக் கழற்றி, ஜாக்கி வைத்து இறக்கி, பலகை போட்டால் வண்டி போகலாம். ஆற்றில் கால் நனைக்காமல் பாலம்.

2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. இருந்த பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெங்களூரிலிருந்து போன மெட்ராஸ் சாப்பர்கள் அங்கே பெய்லி பாலம் போட்டு ஆகஸ்ட் 1 சாயங்காலம் திறந்துவிட்டார்கள். 190 அடி, 24 டன் தாங்கும். அப்போது அப்பா பெரும்பாலும் படுக்கையில்தான். டிவியில் அதைக் காட்டியதும் தலையணையைச் சாய்த்து உட்கார வைக்கச் சொன்னார். நிருபர் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார், அப்பா ஒன்றும் காதில் வாங்கவில்லை. விரலை நீட்டி நீட்டிப் பேனல்களை எண்ணிக்கொண்டிருந்தார். கேமரா நகர்ந்ததும் எண்ணிக்கை விட்டுப்போய், "சே" என்று மறுபடி முதலிலிருந்து. கடைசியில் திரையில் 190 அடி என்று எழுத்து ஓடியதும், "பத்தொன்பது பே. நான் சொல்லல?" என்றார். ஒரு பேனல் நீளம்தான் ஒரு பே. அவர் எங்கே சொன்னார்! ஆனால் அந்த வேலையை முன்னின்று நடத்தியது மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரி என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். நான் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுப்பவள். அந்தப் படிப்பில் என்னைச் சேர்க்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டபோது, லீவில் வந்திருந்த அப்பா, "என் ட்ரேட்ல என் பொண்ணு சேர்றா, உங்களுக்கென்ன" என்று ஒரே வரியில் முடித்தவர்.

அவரை என்ஜினியர் என்று நான் சொன்னால் சிலர் திருத்துவார்கள். பட்டம் இல்லையே என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் படையில் சேர்ந்து, உள்ளேயே படித்து, புனேயிலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் கோர்ஸ் முடித்தவர். எங்கள் கல்லூரியில் சர்வே பாடத்தில் அட்டவணை போட்டுச் சொல்லிக்கொடுப்பதை, அவர் என் எட்டாம் வகுப்பு லீவில் கவுண்டன்யா ஆற்றங்கரையில் நான்கு குச்சியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அக்கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள். அதற்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு குச்சி. கரையோரமாக இருபது தப்படி நடந்து இன்னொரு குச்சி. அதே நேர்க்கோட்டில் இன்னும் இருபது தப்படி நடந்து மூன்றாவது குச்சி. இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேராக விலகி நடந்துகொண்டே இரு. இரண்டாவது குச்சியும் அக்கரை மரமும் ஒரே கோட்டில் எங்கே தெரிகிறதோ அங்கே நில், நான்காவது குச்சியை நடு. மூன்றாவது குச்சியிலிருந்து நீ நிற்கிற இடம் வரை எவ்வளவோ அவ்வளவுதான் ஆற்றின் அகலம். இரண்டு முக்கோணமும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. டேப் கிடையாது, கருவி கிடையாது, ஆற்றில் இறங்கவும் இல்லை. இதைச் செய்கிறவரை என்ஜினியர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

அப்பாவாக அவர் எப்படி என்று கேட்டால், வருடத்தில் பத்து மாதம் அவர் ஒரு இன்லண்டு லெட்டர். மேலே 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி மட்டும் இருக்கும், எந்த ஊர் என்று தெரியாது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மணியார்டர் வரும் நாள் தெரியும், அப்பா வரும் நாள் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு மேலே விரிசல் விழுந்தது. கொத்தனார் பார்த்துவிட்டு இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா பயந்துபோய் அப்பாவுக்கு எழுதினாள். பதில் என் பெயருக்கு வந்தது. விரிசல் நேராகப் போகிறதா, படிப்படியாகப் போகிறதா என்று பார்த்துப் படம் போட்டு அனுப்பு. மேலே அகலமா, கீழே அகலமா? ஒரு காகிதத் துண்டை மைதா பசையால் விரிசலுக்குக் குறுக்கே ஒட்டி, அதன்மேல் தேதியை எழுது. காகிதம் கிழிந்தால் கிழிந்த தேதியையும் எழுது. நானும் தம்பியும் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்போம். ஒரு காகிதம் கிழிந்தது, பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டினோம், அது கிழியவில்லை. மழை நின்றதும் விரிசலும் நின்றுவிட்டது. எழுதினோம். "சுவர் உட்கார்ந்துவிட்டது. இடிக்க வேண்டாம். மூலையில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டச் சொல்லு" என்று பதில். எங்கேயோ எல்லையில் இருந்துகொண்டு, அஞ்சலில், வீட்டைத் தாங்கிப் பிடித்தார். அந்தச் சுவர் இன்னமும் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் இப்படி இருக்கவில்லை என்பதும் தெரியும். கேண்டீன் ரம்மில் கரைந்துபோன அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். லீவில் வந்தாலும் பிள்ளைகளை அணிவகுப்பில் நிற்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த மடல் எரிச்சலூட்டலாம். அப்பாவை மன்னிக்க வேண்டுமென்று உங்களிடம் கேட்க எனக்கு உரிமையில்லை. அவர் போட்ட பாலத்தின்மேல் வண்டி போயிருக்கும். அதை மட்டும் குறித்து வைக்கலாம் இல்லையா?

ஓய்வுக்குப் பிறகு பலர் பேங்கில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார்கள். அப்பாவும் கொஞ்ச காலம் உட்கார்ந்தார், பிடிக்காமல் வந்துவிட்டார். அப்புறம் ஊரில் எங்கே கான்கிரீட் போட்டாலும் அங்கே நிற்பார். கூப்பிட்டார்களா என்றெல்லாம் கிடையாது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார். கலவையில் தண்ணீர் அதிகம் என்று மேஸ்திரியிடம் சண்டை போடுவார். ஏரித்தெருவில் சிறுபாலம் போட்டபோது குழாயை ஓடையின் தரைமட்டத்துக்கு மேலே வைக்கிறார்கள், மழை வந்தால் தண்ணீர் இந்தப் பக்கமே நிற்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். கான்ட்ராக்டர் கேட்கவில்லை. முதல் மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர். பிறகு பெயர்த்து எடுத்து வைத்தார்கள். போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் வரவில்லையென்றால் விடியற்காலையில் குடத்தோடு போய்விடுவார். அடுத்தவர் வீட்டு கான்கிரீட்டுக்கு! அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு நடைமுறை விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் அம்மாக்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர் எப்படி இருக்கிறது? அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக, குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா ஒரு அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கும்போது அவரே கையெழுத்துப் போட்டு, ஆவணப் பிரிவுக்கு அனுப்பித் திருத்துவது சுலபம். பிறகு அஃபிடவிட், சாட்சி, அலைச்சல். பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, பேங்க் கணக்கு, ஆதார் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதியக் கணினி முறைக்குப் போய்விட்டதால், ஒரு எழுத்து தப்பினாலும் சிக்கல் வரலாம்.

சரி, அந்த டிஸ்சார்ஜ் புக்கில் வேறு என்ன இருக்கிறது? நம்பர், ரேங்க், ட்ரேட், சேர்ந்த நாள், விட்ட நாள், மெடல்கள், நடத்தை 'மிகச் சிறந்தது' என்று ஒரு வார்த்தை. 28 வருடம் அதற்குள் அடங்கிவிட்டது. எந்த ஆற்றில் பாலம் போட்டார், எந்த மலையில் சாலை வெட்டினார் என்று ஒரு வரி இல்லை. ரெஜிமென்ட் வரலாறுகளில் இருக்கலாம், ஆனால் அதில் அதிகாரிகளின் பெயர் இருக்கும் அளவுக்கு ஹவில்தார்கள், நாயக்குகள், சாப்பர்களின் பெயர் இருக்காது. அதற்கு யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதனால் கேளுங்கள். "போர்ல என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டால் ஒன்றும் வராது, இல்லையென்றால் சினிமா வரும். எந்த ஆறு, எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு வேகம், எத்தனை பே, எத்தனை பேர் தூக்கினார்கள், எது தப்பாகப் போனது, எப்படிச் சமாளித்தீர்கள், கூட இருந்தவர்கள் எந்த ஊர் என்று கேளுங்கள். எது தப்பாகப் போனது என்ற கேள்விக்குத்தான் முகம் மலரும், பாருங்கள். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் நோட்டிலும் எழுதுங்கள். போன் மாறும்போது பதிவு போய்விடும். கயிறு கொடுத்து முடிச்சுப் போடச் சொல்லி வீடியோ எடுங்கள். அந்தக் கைக்கு இருக்கிற ஞாபகம் வாய்க்கு இருக்காது. டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளுக்குக் கீழேயும் பாருங்கள். அப்பாக்கள் படங்களை அங்கேதான் வைப்பார்கள்.

எங்கள் பெட்டியில் அப்படி ஒரு படம் கிடைத்தது. கருப்பு வெள்ளை. பாதி தள்ளிய நிலையில் ஒரு பெய்லி பாலம், நோஸ் இன்னும் அக்கரையைத் தொடவில்லை. இக்கரையில் பதினோரு பேர், சட்டையில்லாமல், இடமிருந்து நான்காவது அப்பா. வலது ஓரத்தில் நிற்பவர் தலையில் துண்டு கட்டியிருக்கிறார், கையில் பின் அடிக்கும் சுத்தியல். பின்னால் உயரமான மரங்கள், தேவதாரு மாதிரி. படத்தின் பின்பக்கம் பென்சிலில் '1978 மே' என்பது மட்டும் தெரிகிறது, ஆற்றின் பெயர் அழிந்துவிட்டது. இதே படம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருந்தால், அந்தப் பதினோரு பேரில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருந்தால், அது எந்த ஆறு என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சுபேதார் மகள்